மாராவை எழுதி விழுந்தேன், பெல்லேயை எழுதித் தேறினேன்

மேற்கத்தியக் கலை வரலாற்றுத் தாளின் முடிவு நேற்று வந்தது. தேறிவிட்டேன். போன ஆண்டு இதே தாளில் விழுந்தவள் என்பதால் அறிவுரை சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

விழுந்த கதை சின்னது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிந்தைய காலத்தின் மனநிலையை ஓர் உருவப்படத்தை வைத்து விளக்கச் சொன்னார்கள். கொலையுண்ட புரட்சித் தலைவர் மாராவை ஓவியர் டேவிட் வரைந்த 'மாராவின் மரணம்' படத்தைப் பற்றி ஆறு பக்கம் எழுதித் தள்ளினேன். அது 1793, புரட்சி கொதித்துக்கொண்டிருந்த ஆண்டு. 'பிந்தைய' என்ற சொல் என் கண்ணில் படவேயில்லை.

இந்த முறை வினாவைச் சற்றே மாற்றிக் கேட்டார்கள். டேவிட்டின் மாணவர் ஜிரோதே 1797இல் வரைந்த பெல்லேயின் உருவப்படத்தை எடுத்துக்கொண்டேன். பெல்லே அடிமையாக இருந்து தன் விடுதலையை விலைகொடுத்து வாங்கியவர், இன்றைய ஹைத்தியிலிருந்து பாரிஸில் இருந்த பிரெஞ்சு அவைக்குப் பிரதிநிதியாகப் போனவர், 1794இல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்தது என்பதையெல்லாம் எல்லோரும் எழுதுவார்கள். மதிப்பெண் அவர் சாய்ந்திருப்பதில் இருக்கிறது.

டேவிட்டின் வீரர்கள் விறைத்து நின்று கை நீட்டிச் சபதம் செய்கிறவர்கள். பெல்லேயோ எழுத்தாளர் ரேனாலின் பளிங்குச் சிலைப் பீடத்தில் முழங்கையை ஊன்றி, நம்மைப் பார்க்காமல் மேலே எங்கோ பார்க்கிறார். இடுப்பில் மூவண்ணக் கச்சை, காதில் வளையம், முடியில் நரை. அடிமை முறையைச் சாடிய ரேனால் முந்தைய ஆண்டுதான் இறந்திருந்தார். பெல்லேயின் பதவியும் போய்விட்டது. 1798 கண்காட்சியில் படத்தின் தலைப்பிலேயே அவர் 'முன்னாள் பிரதிநிதி'. அந்த 'முன்னாள்'தான் என் விடை முழுவதும். வென்றது கையில் தங்குமா என்ற ஐயம் அந்தச் சாய்விலேயே தெரிகிறது என்று எழுதினேன்.

சில குறிப்புகள்:

- வினாவில் காலத்தைக் குறிக்கும் சொல்லை அடிக்கோடிடுங்கள். பிறகு மூடியைத் திறந்த பேனாவைக் கீழே வையுங்கள்.
- ஒரே படம். இரண்டாவதைத் தொடாதீர்கள். ஒப்பிட்டு எழுதுவது சிலருக்குக் கைவரும், எனக்கு வராது.
- 1802இல் நெப்போலியன் அடிமை முறையை மீண்டும் கொண்டுவந்ததையும், பெல்லே சிறைப்பட்டு 1805இல் இறந்ததையும் கடைசிப் பத்தியில் மட்டும் சொல்லுங்கள். தூரிகை பிடித்தபோது ஜிரோதேவுக்கு அது தெரியாது.

என் குறிப்பேட்டைக் கேட்டுப் பலர் எழுதுகிறீர்கள். அதில் பாதி மாராதான்.