ஒரே பள்ளத்தில் இரண்டு கேபிள்

இராமநாதபுரம் கடலோரத்தில் ஒரு கல்லூரியின் நிலத்தடி ஃபைபர் (ஒளியிழை) வலையமைப்பைப் புதுப்பிக்கும் வேலைக்குப் போனபோது, நிர்வாகம் முதலில் கேட்டது வேகத்தைத்தான். "பத்து ஜிகாபிட் வந்துரும்ல சார்?" என்றார்கள். வரும். பழையது 62.5 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மல்டிமோட் கேபிள், அதாவது ஒளி பல பாதைகளில் போகும் தடித்த உள்தண்டு கொண்டது; வழக்கமான கருவிகளோடு அதில் அந்த வேகம் 33 மீட்டரைத் தாண்டாது. ஒளி ஒரே பாதையில் போகும் சிங்கிள்மோடுக்கு மாறிவிட்டால் 10 கிலோமீட்டர்வரை பிரச்சினையே இல்லை. அதைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை.

என் கவலை வேறு. நிர்வாகக் கட்டடத்திலிருந்து ஆய்வகக் கட்டடத்துக்கு ஏற்கெனவே இரண்டு கேபிள்கள் போயிருந்தன. ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும் என்ற எண்ணம் சரிதான். ஆனால் இரண்டும் ஒரே பள்ளத்தில், ஒரே குழாய்க்குள் கிடந்தன. தண்ணீர்க் குழாய் பதிக்க வந்த பொக்லைன் ஒரே அள்ளில் இரண்டையும் அறுத்துவிட்டது. ஆன்லைன் தேர்வு நடந்த நேரம். பிள்ளைகள் பாதிக் கேள்வியில் நின்றுபோனார்கள். கேபிளை எத்தனை வாங்கினோம் என்பதில் பாதுகாப்பு இல்லை. ஒன்று அறுந்தால் மற்றது அறுபடாத தூரத்தில் கிடக்கிறதா என்பதில்தான் இருக்கிறது.

அதனால் வரைபடத்தை வளையமாகப் போட்டோம். எந்தக் கட்டடத்துக்கும் இரண்டு திசையிலிருந்து வழி. ஒரு பக்கம் அறுந்தால் நெட்வொர்க் சுவிட்சுகள் தாங்களாகவே மறுபக்கத்துக்கு மாறிக்கொள்ளும்.

தோண்ட ஆரம்பித்த பிறகுதான் ஊரின் மண் பேசத் தொடங்கியது. மேலே மணல், கொஞ்சம் இறங்கினால் உப்புத் தண்ணீர். ஒரு மீட்டர் ஆழத்துக்குப் போவதற்குள் பள்ளத்தின் கரை சரிந்துவிடும். தண்ணீர் ஊறிய இடங்களில் ஹெச்டிபிஇ என்ற பிளாஸ்டிக் குழாயைப் போட்டால் அது மிதந்து மேலே வந்தது; உள்ளே காற்று, தண்ணீரைவிட எடை குறைந்த பிளாஸ்டிக், வேறென்ன செய்யும்? மணல் மூட்டைகளை வைத்து அழுத்திப் பிடித்தபடிதான் மூடினோம். மேலே எச்சரிக்கை நாடா, திருப்பங்களில் அடையாளக் கல்.

எலிக்காக இரும்புத் தகடு சுற்றிய கேபிள் போடுவது பொதுவான வழக்கம். இங்கே அதை வேண்டாம் என்று வாதாடினேன். மேலுறையில் ஒரு கீறல் விழுந்தால் போதும், உப்புத் தண்ணீர் இறங்கி இரும்பைத் தின்றுவிடும். பழைய சாலைக் குறுக்கீட்டில் இருந்த ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் கையில் எடுத்ததும் செதில் செதிலாக உதிர்ந்ததை எல்லோரும் பார்த்தார்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி இறங்கினால் உலோகம் அதைக் கட்டடத்துக்குள்ளேயே அழைத்து வரும் என்ற பயமும் உண்டு. விலை கூடினாலும் உலோகமே இல்லாத, கண்ணாடி இழை சுற்றிய கேபிளைத்தான் வாங்க வைத்தோம். குழாய் முனைகளை அடைப்பான் போட்டு இறுக்கிவிட்டால் எலி நுழைய வழியில்லை.

பழைய கேபிள் எங்கே ஓடுகிறது என்று சொல்ல அங்கே வரைபடம் இல்லை. இழைக்குள் ஒளியை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கும் ஓடிடிஆர் கருவி பழுது எத்தனை மீட்டரில் என்று காட்டும். ஆனால் அது இழையின் நீளம். வழியில் கேபிளைத் திறந்து பார்க்க வைத்திருக்கும் தொட்டிகளில் சுருட்டி வைத்த மிச்சமும் அதில் சேர்ந்துவிடும். தரையில் டேப் பிடித்து அளந்தால் வேறு இடத்தில் போய் நிற்போம். தோட்ட வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் நாங்கள் கருவேலம் புதரை வெட்டுவதைப் பார்த்துவிட்டு வந்தார். "இங்கிட்டு இல்ல தம்பி, அந்தா பனைமரத்துக்கு அங்கிட்டுப் போகுது. போடுறப்ப நான் கூட நின்டேன்" என்றார். தோண்டினோம். அங்கேதான் இருந்தது. அவரோடு வளாகம் முழுக்க நடந்து ஒவ்வொரு தொட்டியையும் குறித்துக்கொண்டோம்.

இழைகளை ஒட்டும் இணைப்பு வேலைக்கு ஆடிக் காற்றுதான் எதிரி. ஒளி போகும் உள்தண்டு ஒன்பது மைக்ரான்தான். ஒரு மணல் துகள் அதைவிடப் பல மடங்கு பெரியது. வேனின் கதவுகளை அடைத்து, விசிறியை நிறுத்தி, வேர்வை கண்ணில் இறங்க உட்கார்ந்து செய்தோம். இழையின் மேல்பூச்சை உரித்து, ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, இழை வெட்டும் கருவியில் வைத்து அழுத்தினால் மெல்லிய ஒரு சொடுக்கு. இரண்டு முனைகளும் ஒட்டும் கருவியின் திரையில் நேருக்கு நேர் வந்ததும் ஒரு பொறி, ஒட்டிக்கொள்ளும். 0.1 டெசிபலுக்கு மேல் ஒளி இழப்பு காட்டினால் வெட்டி மறுபடி செய்தோம். பிறகு 1310, 1550 நானோமீட்டர் என்ற இரண்டு ஒளி அலைநீளங்களிலும் சோதனை. 1550-இல் மட்டும் இழப்பு கூடினால் கேபிள் எங்கோ அதிகமாக வளைந்திருக்கிறது என்று அர்த்தம்; அப்படிக் காட்டிய ஒரு தொட்டியைத் திறந்து சுருளைப் பெரிதாக்கினோம்.

கடைசியில் சர்வர் அறைச் சுவர் பற்றி வாக்குவாதம் வந்தது. இரண்டு வழியும் ஒரே ஓட்டை வழியாக உள்ளே வரட்டும், புதுச் சுவரை எதற்கு உடைக்க வேண்டும் என்றார்கள். வளாகம் முழுக்கப் பிரித்துக் கொண்டுவந்ததை வாசலில் ஒன்றாகக் கட்டினால் பட்ட பாடெல்லாம் வீண் என்று சொன்னேன். முதல்வர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "எதிர்ச் சுவரை உடைங்க" என்றார்.

வேலை முடிந்த மாலை, அவர் முன்னாலேயே ஒரு பக்கத்து இணைப்பை உருவினோம். ஆய்வகக் கணினியில் ஓடிய காணொளி ஒரு கணம் தயங்கித் தொடர்ந்தது. வரைபடத்தின் ஒரு பிரதியை மின்பணியாளர் அறையில் ஒட்டச் சொன்னோம். வளாகத்துக்குள் பொக்லைன் இறக்கும் முன் அதைப் பார்த்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது இப்போது அங்கே நடைமுறை.