கண்ணை மூடு, யார் எங்கே?

எங்கள் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்ட செயலாளர், "விளையாட்டுப் போட்டியையும் நாடகத்தையும் எல்லாரும் எழுதுவினம், நீ வேற ஏதும் எழுது" என்றார். வேறு எவரும் தொடமாட்டார்கள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொண்டேன்: பாஸ்ற் கொன்ரினியுவஸ், அதாவது 'போய்க்கொண்டிருந்தான்' என்பதுபோல ஆங்கிலத்தில் வரும் இறந்தகாலத் தொடர்வினை.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில்தான் தருகிறேன். ஆங்கிலக் கொப்பியில் ஒவ்வொரு வரிக்கும் அடியில் உச்சரிப்பைத் தமிழில் பென்சிலால் எழுதி வைத்திருந்த கூட்டத்தில் நானும் ஒருவன். சேர் கிட்ட வந்தால் கையால் மறைப்போம். இப்போது மறைக்க ஆளில்லை.

ஒன்பதாம் வகுப்புக்கு வரும்வரை எங்களுக்கு அது ஒரு பாட்டு. "ஐ வோஸ் கோயிங், யூ வேர் கோயிங், ஹீ வோஸ் கோயிங்." வகுப்பே சேர்ந்து ராகத்தோடு ஒப்புவிக்கும். அந்த வருடம் புதிதாக வந்த சேர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஹீ வோஸ் கோயிங் எண்டு சொல்லுறியள். சரி, எங்க போய்க்கொண்டிருந்தவர்?"

ஒருவருக்கும் தெரியவில்லை. மூன்று வருடமாக அவன் போய்க்கொண்டிருக்கிறான், எங்கே என்று நாங்கள் கேட்டதே இல்லை.

அதன்பிறகுதான் அந்த விளையாட்டுத் தொடங்கியது. "எல்லாரும் ஒருக்கா வகுப்பைச் சுத்திப் பாருங்கோ." பார்த்தோம். "இப்ப கண்ணை மூடுங்கோ." மூடினோம். பிறகு ஒவ்வொருவராகக் கேட்பார். "ஹூ வோஸ் சிற்றிங் பை த விண்டோ?" "வட் வோஸ் ஒன் த ரேபிள்?" "வட் வோஸ் ஹீ டூயிங் அண்டர் த டெஸ்க்?" இந்தக் கடைசிக் கேள்வியால் அகப்பட்டவர்கள் பலர். கண்ணை மூடியாகிவிட்டதால் பார்த்தது இறந்தகாலம். மூடும்போது அது முடிந்திருக்கவில்லை, ஆகவே தொடர்வினை. யாரை எங்கே பார்த்தோம் என்பதைச் சொல்ல பை, ஒன், அண்டர் போன்ற முன்னிடைச்சொல் வேண்டும். வரைவிலக்கணம் எதையும் அவர் எழுதிப் போட்டதாக எனக்கு நினைவில்லை.

என் முதல் பதில் இன்றும் நண்பர்கள் வாயில் இருக்கிறது. "ஹீ த டோர் பிஹைன்ட் ஸ்ரான்டிங் வோஸ்." வகுப்பு சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பும் எட்டிப் பார்த்தது. சேர் சிரிக்கவில்லை. "இவன் தமிழைப் பிழையில்லாமல் சொன்னவன். அதை இங்கிலீசுச் சொல்லாலை சொன்னதுதான் பிழை" என்றுவிட்டு, "அவன் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்" என்று கரும்பலகையில் எழுதினார். 'அவன்' மேல் ஒரு வட்டம். கதவுக்கு ஒன்று, பின்னால் இரண்டு, நின்று மூன்று, கொண்டிருந்தான் நாலு என்று கீழே இலக்கம் போட்டார். அதற்குக் கீழே ஆங்கிலம்: வோஸ் நாலு, ஸ்ரான்டிங் மூன்று, பிஹைன்ட் இரண்டு, த டோர் ஒன்று. வட்டம் போட்ட 'ஹீ' மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. மற்றதெல்லாம் அப்படியே தலைகீழ்.

எனக்கு ஆங்கிலம் அந்த நிமிடத்தில்தான் திறந்தது என்று சொன்னால் மிகையில்லை. எழுவாயைப் பிடித்து வைத்துக்கொள், மிச்சத்தை வாலிலிருந்து படி. "ஐந்து மணிக்கு வாசலில் காத்துக்கொண்டிருந்தேன்" என்பதையும் வாலிலிருந்து படித்தால் "ஐ வோஸ் வெயிற்றிங் அற் த கேற் அற் ஃபைவ்" வந்துவிடும். நாம் நேரத்தைச் சொல்லி இடத்துக்கு வருகிறோம், அவர்கள் இடத்தைச் சொல்லி நேரத்துக்குப் போகிறார்கள். நேரத்தைத் தூக்கி வாக்கியத்தின் தலையில் வைத்தாலும் ஆங்கிலம் பொறுத்துக்கொள்ளும். வினைக்கும் இடத்துக்கும் நடுவில் செருகினால்தான் முகம் சுளிக்கும்.

இன், ஒன், அற் மூன்றும் எங்களை வதைத்ததற்குக் காரணம் நம்முடைய 'இல்'. பஸ்ஸில், காரில், வாசலில் என்று ஒரே உருபைக் கொண்டு ஊரையே சுற்றிவரலாம். ஆங்கிலத்தில் ஒன் த பஸ், இன் த கார், அற் த கேற். உள்ளே எழுந்து நடக்கக்கூடிய வாகனம் என்றால் 'ஒன்', குனிந்து ஏறி இருந்த இடத்திலேயே இருப்பது என்றால் 'இன்' என்று சேர் ஒரு குறிப்புத் தந்தார். பஸ், ரயில், கப்பல், விமானம் ஒரு பக்கம்; கார், சின்னத் தோணி மறுபக்கம். மற்றவற்றை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்.

நான் பல வருடங்கள் விடாமல் செய்த பிழை வேறு. "சுவரில் சாய்ந்திருந்தான்" என்பதை "ஹீ ஹாட் லீன்ட்" என்றே எழுதுவேன். தமிழில் 'சாய்ந்துகொண்டிருந்தான்' என்றால் சாய்கிற அசைவும் கண்ணுக்கு வரும், 'சாய்ந்திருந்தான்' என்றால் சாய்ந்த பிறகு இருந்த நிலை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'வோஸ் லீனிங்' போதும், கூட 'அகென்ஸ்ற் த வோல்' வரும். படுத்திருந்தான், உட்கார்ந்திருந்தான், நின்றிருந்தான் எல்லாம் இந்த இனம்தான். தமிழில் 'கொண்டு' இல்லாததால் ஆங்கிலத்தில் 'இங்' வராது என்று நானே ஒரு விதி செய்து வைத்திருந்தேன்.

மறக்கமுடியாத வாக்கியம் என்றால் ஒன்றுதான். "த ரீச்சர் வோஸ் சேசிங் த போய் வித் த ஸ்ரிக்." பின்வாங்கிலிருந்து ஒருவன் எழுந்து, "சேர், தடி ஆற்றை கையிலை?" என்றான். குறும்புக்குத்தான் கேட்டான். சேர் வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, மணி அடிக்கும்வரை அந்த ஒரு வரியிலேயே நின்றார். தடி வினையோடு ஒட்டினால் ரீச்சர் கையில், பையனோடு ஒட்டினால் பையன் கையில். தமிழில் "தடி வைத்திருந்த பையனை ஆசிரியர் துரத்திக்கொண்டிருந்தார்" என்றால் சந்தேகத்துக்கே இடமில்லை, பையனைப் பற்றியதெல்லாம் பையனுக்கு முன்னாலேயே வந்துவிடும். ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல் தொடர் கடைசியில் வந்து நின்று, யாரோடு ஒட்டுவது என்று இரண்டு பக்கமும் பார்க்கிறது. அன்றைக்கு வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. எங்களில் பெரும்பான்மையானோர் தடியைப் பையனிடமே கொடுத்தோம்.

புலம்பெயர்ந்து வந்து, சாமான்கள் அடுக்கும் களஞ்சியம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேல் தட்டிலிருந்து பெட்டி ஒன்று விழுந்தது. ஒருவருக்கும் அடியில்லை, ஆனாலும் படிவம் நிரப்ப வேண்டும். முதல் கேள்வி: "வட் வேர் யூ டூயிங் அற் த ரைம்?" வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். "ஐ வோஸ் ஸ்ரான்டிங் பிஹைன்ட் த ட்ரொலி, பிற்வீன் த டோர் அன்ட் த ஷெல்ஃப். த பொக்ஸ் ஃபெல்." மேற்பார்வையாளர் வாசித்துவிட்டு மறுகேள்வி இல்லாமல் கையெழுத்துப் போட்டார். 'ஃபெல்' என்று எழுதியதில் எனக்கு இன்னும் பெருமை. 'வோஸ் ஃபோலிங்' என்று எழுதியிருந்தால் அந்தப் பெட்டி இன்றும் அந்தரத்தில் நிற்கும்.

அதே வேலையிடத்தில் "ஐ வோஸ் வெயிற்றிங் சின்ஸ் மோர்னிங்" என்று சொல்லித் திருத்தமும் வாங்கியிருக்கிறேன். காலையிலிருந்து என்று தொடக்கத்தைக் குறித்துவிட்டால் 'ஹாட் பீன் வெயிற்றிங்' ஆக வேண்டும். தமிழில் இரண்டுக்கும் காத்துக்கொண்டிருந்தேன்தான். இதையும் சேர் சொல்லித்தந்திருப்பார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போய் (உண்மையில் அவர்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்) பழைய ஆங்கிலத்தைப் பற்றிக் கொஞ்சம் வாசித்தேன். 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பில், யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தில், பேதுரு மீன்பிடிக்கப் போகிறேன் என்பதை "ஐ கோ எ ஃபிஷிங்" என்கிறார். அந்த 'எ' வேறொன்றுமில்லை, தேய்ந்துபோன 'ஒன்'. "மீன்பிடித்தலின் மேல்" என்பது போன்ற ஒரு பிரயோகம். முன்னிடைச்சொல் தேய்ந்து மறைந்து, 'இங்' மட்டும் நிற்கிறது. முன்னிடைச்சொல்லையும் தொடர்வினையையும் ஒரே பாடமாக நடத்திய சேருக்கு இது தெரிந்திருக்குமோ? கேட்க இப்போது வழியில்லை.

சென்ற மாதம், தடிக் கேள்வி கேட்டவன் தொலைபேசியில் வந்தான். பழைய வகுப்பறையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். கண்ணை மூடு என்றேன். மூடினான். கடைசிப் பாடவேளையில் யார் எங்கே? "யூ வேர் ஸ்லீப்பிங் பிஹைன்ட் மீ" என்றேன் நான். இல்லவே இல்லை, தான் எனக்கு முன் வாங்கிலே இருந்ததாகவும் பின்னால் நித்திரை கொண்டது நான்தான் என்றும் அவன் சாதிக்கிறான். ஒன்பதாம் வகுப்பில் எங்களோடு இருந்தவர்கள் இதை வாசித்தால், யார் முன்னால், யார் பின்னால் என்று தயவுசெய்து எழுதிப் போடவும்.