12 வர வேண்டிய இடத்தில் 11: ஒரு குட்டை நெல்லை வரைபடமாக்கிய அனுபவம்

காமா கதிர் பாய்ச்சி எடுத்த ஒரு குட்டை நெல். அந்தக் குட்டைத்தன்மைக்கான மரபணு எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. நம்பியது எஸ்எஸ்ஆர் மார்க்கர்களை. டிஎன்ஏவில் சில எழுத்துகள் அடுத்தடுத்துத் திரும்ப வரும் இடங்கள் இவை. எத்தனை தடவை திரும்புகின்றன என்பது ரகத்துக்கு ரகம் மாறும். பிசிஆர் முறையில் அந்த இடத்தைப் பல மடங்கு பெருக்கி ஜெல்லில் ஓட்டினால், நீளத்துக்கு ஏற்பப் பட்டைகள் மேலும் கீழுமாக நிற்கும்.

இந்த வேலையில் இறங்குகிறவர்கள் எதை எதோடு கலப்பது என்றுதான் முதலில் யோசிக்க வேண்டும். கதிர் பாய்ச்சுவதற்கு முந்தைய தாய் ரகத்தோடே கலந்தால் பட்டைகள் ஏறக்குறைய எல்லாம் ஒன்றாகவே இருக்கும். என் குட்டை நெல் இண்டிகா வகை; நெல்லின் இன்னொரு பெரும் வகையான ஜப்போனிக்காவோடு கலந்தால் வேறுபாடு தாராளம். ஆனால் இண்டிகா ஜப்போனிக்கா கலப்பில் பதர் நிறைய விழும். நான் தூரத்து இண்டிகா ரகம் ஒன்றை எடுத்தேன். பட்டை வேறுபடும் பிரைமர்களை (எந்த இடத்தைப் பெருக்க வேண்டும் என்று பிசிஆருக்குக் காட்டும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) தேடியெடுக்கவே வெகுகாலம் ஆனது. அக்ரிலமைடு ஜெல்லில் இரு பெற்றோர் பட்டையும் உள்ள செடிக்கு மேலே மங்கலாக மூன்றாவது பட்டை ஒன்று தெரியும். இழைகள் மாறிப் பொருந்துவதால் வருவது. கண் பழகிவிட்டால் அதுவே நல்ல அடையாளம்.

கலப்பில் வரும் முதல் தலைமுறை எஃப்1; அதைத் தன்மகரந்தச் சேர்க்கையில் விட்டால் வருவது எஃப்2. எஃப்2 செடிகளின் பட்டைக் கணக்கை மென்பொருளில் போட்டேன். நெல்லில் 12 ஜோடிக் குரோமோசோம்; சேர்ந்தே கடத்தப்படும் மார்க்கர்களின் கூட்டமான பிணைப்புக் குழுவும் 12 வர வேண்டும். 11 வந்தது. 3ஆம், 8ஆம் குரோமோசோம் மார்க்கர்கள் ஒரே குழுவில். பிணைப்புக்கான ஆதாரம் எவ்வளவு வலுவானது என்று காட்டும் லாட் மதிப்பு 3ஐத் தாண்டினாலே பிணைப்பு என்போம். இது அதற்கு வெகு மேலே.

“சாம்பிள் கலந்திருக்கும், அந்த மார்க்கர்களை எடுத்துடுங்க” என்றார் சீனியர் ஒருவர். எனக்கு மனம் வரவில்லை. கலந்திருந்தால் எல்லாக் குரோமோசோமும் அல்லவா குழம்பியிருக்க வேண்டும்?

எஃப்1 செடியில் மறுநாள் பூக்கவிருந்த பூவின் மகரந்தப்பையை அயோடின் கரைசலில் நசுக்கி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். பாதி மகரந்தம் கறுத்து உருண்டிருந்தது; அது நல்லது. மீதி வெளிறிச் சுருங்கிக் கிடந்தது; அது மலடு. பெற்றோர் இரண்டிலும் முழுக்கக் கறுப்பு. கதிர் படாத தாய் ரகத்தை அதே துணையோடு கலந்த எஃப்1லும் அப்படித்தான். சந்தேகமே இல்லை: கதிர்வீச்சில் 3ம் 8ம் உடைந்து துண்டுகளை மாற்றிக்கொண்டிருக்கின்றன. இப்படிப்பட்ட எஃப்1லிருந்து பழைய ஜோடி முழுதாகவோ மாறிய ஜோடி முழுதாகவோ போய்ச் சேர்ந்த மகரந்தம்தான் பிழைக்கும். மற்றதில் ஒரு துண்டு குறையும், ஒரு துண்டு மிகும். அதனால்தான் வெவ்வேறு குரோமோசோம் மார்க்கர்கள் பிணைந்தவைபோல் சேர்ந்தே வருகின்றன.

எஃப்2 செடிகளிலும் ஒவ்வொன்றாக மகரந்தம் பார்த்தேன். ஏறக்குறைய பாதிச் செடிகள் அரைமலடு, அதாவது மகரந்தத்தில் பாதி வெளிறியவை. அவற்றின் ஜெல்லை எடுத்து வைத்துப் பார்த்தபோது கை நடுங்கியது: குரோமோசோம் உடைந்த முறிவுக்கு அருகிலுள்ள மார்க்கரில் இரு பட்டை காட்டியவை அநேகமாக அதே செடிகள்தாம். அரைமலட்டுத்தன்மையையே ஒரு மார்க்கராக வைத்து முறிவின் இடத்தை வரைபடத்தில் குறித்தேன். குட்டை மரபணு அதை ஒட்டியே வந்து நின்றது.

முறிவின் அருகே மறுசேர்க்கை (ஜோடிக் குரோமோசோம்கள் தமக்குள் துண்டு மாற்றிக்கொள்வது) அரிது. மேலும் செடிகளை ஓட்டி இடத்தைக் குறுக்குவது இனிக் கடினம். அந்தப் பகுதியின் டிஎன்ஏ எழுத்துகளை நேரடியாக வரிசைப்படுத்திப் படிக்கப் போகிறேன். உடைப்பு அந்த மரபணுவின் உள்ளேயே விழுந்திருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.