கம்பெனி பெயரை மாற்றினோம், இறாலுக்கு 10.17 சதவீத வரி விழுந்தது

பார்ட்னர்ஷிப்பாக இருந்த எங்கள் நிறுவனத்தைப் பிரைவேட் லிமிடெட்டாக மாற்றினோம். அந்த ஒரு காரியத்தால் இரண்டு கன்டெய்னருக்கு ஏறக்குறைய இருபதாயிரம் டாலர் அமெரிக்க வரியாகக் கூடுதலாகப் போனது. அது இனி திரும்பாது. மற்ற பதினொரு கன்டெய்னருக்கான பணம் இந்த மாதம்தான் முழுசாக வந்து சேர்ந்தது. அமெரிக்காவுக்கு இறால் அனுப்புகிறவர்கள், பெயர் மாற்றும் யோசனையில் இருந்தால், இதைப் படித்துவிட்டு ஆடிட்டரைப் பாருங்கள்.

நான் தூத்துக்குடியில் ஒரு இறால் ஏற்றுமதி நிறுவனத்தில் டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். டி.டி.பி. முறையில் விற்கிறோம். அதாவது அங்கே கஸ்டம்ஸில் இறக்குமதியாளரும் நாங்களே, வரி டெபாசிட் கட்டுவதும் நாங்களே. நவம்பரில் பெயர் மாறியது. ஐ.இ.சி. (ஏற்றுமதி இறக்குமதி எண்), எம்.பி.இ.டி.ஏ. (கடல்பொருள் ஏற்றுமதி ஆணையம்), இ.ஐ.ஏ. (ஏற்றுமதிச் சோதனை அலுவலகம்), அமெரிக்க எஃப்.டி.ஏ. பதிவு, வங்கி என்று எல்லாவற்றிலும் ஒரு மாதத்துக்குள் புதுப் பெயர் ஏறிவிட்டது. அமெரிக்க வணிகத் துறையிடமும் போக வேண்டும் என்று ஆடிட்டரும் சொல்லவில்லை, அங்கே எங்களுக்குக் கஸ்டம்ஸ் வேலை பார்க்கும் புரோக்கரும் சொல்லவில்லை.

ஜனவரியில் இரண்டு கன்டெய்னர் இறங்கியது. பிப்ரவரி நடுவில் புரோக்கரின் பில் வந்தபோது ஆன்ட்டி டம்பிங் டெபாசிட் (வெளிநாட்டுச் சரக்கை மலிவாகக் கொண்டுவந்து கொட்டுவதைத் தடுக்கும் வரிக்கான முன்பணம்) என்ற இடத்தில் கன்டெய்னருக்கு 14,238 டாலர் என்று இருந்தது. ஒரு கன்டெய்னர் சரக்கின் மதிப்பு 1,40,000 டாலர். எங்களுக்கு இருந்த வரி விகிதம் 3 சதவீதத்தை ஒட்டி, அதனால் 4,200 வந்திருக்க வேண்டும். டைப்பிங் தவறு என்று நினைத்து மெயில் போட்டேன். பதில் வர ஒரு வாரம் ஆனது. "உங்கள் பெயர் பட்டியலில் இல்லை" என்று ஒரே வரி. மறுபடி கேட்டேன், இன்னும் ஒரு வாரம் போனது. அந்த இரண்டு வாரத்தைத்தான் இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

விஷயம் இதுதான். இந்திய இறாலுக்கான ஆன்ட்டி டம்பிங் வழக்கின் எண் ஏ-533-840. அதன் பின்னால் ஒவ்வொரு ஏற்றுமதியாளருக்கும் தனியாக மூன்று இலக்கம் உண்டு. அந்த இலக்கமும் விகிதமும் பெயரோடு ஒட்டியவை. ஆலை அதே ஆலை, ஆட்கள் அதே ஆட்கள் என்பது கஸ்டம்ஸுக்குக் கணக்கில்லை. பெயர் மாறினால் நீங்கள் புது ஆள். கடைசியில் 000 போட்டு, 'மற்ற எல்லோருக்கும்' என்று வைத்திருக்கும் விகிதத்தை வாங்குவார்கள். அது 10.17 சதவீதம். 2005 பிப்ரவரி 1-ல் ஆணை வந்தபோது வைத்த எண். வருஷா வருஷம் ரிவ்யூ (விகித மறுஆய்வு) நடந்து மற்றவர்களின் விகிதம் எவ்வளவு இறங்கினாலும் இந்த 10.17 மட்டும் அசையாமல் கிடக்கிறது.

அந்தத் தேதியைச் சொன்னாலே எங்கள் முதலாளி அண்ணாச்சிக்கு முகம் மாறிவிடும். சுனாமி வந்து ஏறக்குறைய ஐந்து வாரம் ஆகியிருந்தது. 2003 டிசம்பர் 31-ல் அமெரிக்க இறால் தொழில்காரர்கள் ஆறு நாடுகள் மேல் போட்ட மனுவில் வந்த ஆணை அது: பிரேசில், சீனா, ஈக்வடார், இந்தியா, தாய்லாந்து, வியட்நாம். சுனாமியைக் காரணமாக வைத்து இந்தியாவுக்கும் தாய்லாந்துக்கும் ஆணையை விலக்கலாமா என்று அங்கே தனியாகப் பரிசீலித்துவிட்டு, 2005 நவம்பரில் தொடரட்டும் என்று சொல்லிவிட்டார்கள். டெபாசிட் போதாதென்று முழு வரிக்கும் ஈடாக பாண்டு கேட்டார்கள். அதை இந்தியா உலக வர்த்தக அமைப்புக்குக் கொண்டுபோய் 2008-ல் ஜெயித்தது. ஈக்வடார் கணக்கிடும் முறையையே எதிர்த்து ஜெயித்து 2007-ல் வழக்கிலிருந்தே வெளியே போனது. நாங்கள் இன்னும் உள்ளேதான் இருக்கிறோம்.

சரி, இருபதாயிரம் எப்படிப் போனது? அமெரிக்காவில் இந்த வரியை முதலில் டெபாசிட்டாகத்தான் வாங்குவார்கள். உண்மையான விகிதம் ரிவ்யூவில் பிறகு முடிவாகும். கணக்கு வருஷம் பிப்ரவரி 1 முதல் ஜனவரி 31 வரை. முடிந்த வருஷத்துக்கு ரிவ்யூ வேண்டும் என்றால், அடுத்து வரும் பிப்ரவரியின் கடைசி நாளுக்குள் யாராவது உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை என்றால் கட்டிய டெபாசிட்டே இறுதி வரி. இத்தனை வருஷமும் எதிர்த்தரப்பான அமெரிக்க இறால் தொழில்காரர்களின் சங்கமே நூற்றுக்கணக்கான இந்திய ஏற்றுமதியாளர்களின் பெயரைப் போட்டு ரிவ்யூ கேட்டுவிடும். எங்கள் பழைய பெயரும் அதில் இருக்கும். அதனால் நாமே கேட்க வேண்டும் என்ற பழக்கமே எங்களுக்கு இல்லை. அவர்கள் பட்டியலில் புதுப் பெயர் எப்படி இருக்கும்? ஜனவரியில் இறங்கிய சரக்கின் கெடு அந்த பிப்ரவரியோடு முடிந்தது. புரோக்கரிடமிருந்து முழு விளக்கம் வந்தது மார்ச் முதல் வாரத்தில்.

அதே விளக்கத்தில் இன்னொரு வரியும் இருந்தது: இனி இன்வாய்ஸைப் பழைய பெயரிலேயே போடலாமே என்று. அண்ணாச்சி ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றார். யாராவது உங்களுக்கும் இப்படிச் சொன்னால் கேட்காதீர்கள். கஸ்டம்ஸிடம் தெரிந்தே பொய் சொல்வதாகிவிடும், வரியைவிடப் பெரிய சிக்கல்.

சரியான வழிக்குப் பெயர் 'சேஞ்ச்டு சர்க்கம்ஸ்டன்சஸ் ரிவ்யூ'. பழைய நிறுவனத்தின் வாரிசு நாங்கள்தான் என்று வணிகத் துறையிடம் நிரூபிக்க வேண்டும். நான்கு விஷயம் பார்ப்பார்கள்: நிர்வாகம், ஆலை, சரக்கு கொடுப்பவர்கள், வாங்குபவர்கள். வாஷிங்டனில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். அவர் கேட்ட காகிதங்களில் முக்கால்வாசி என் அலமாரியிலேயே இருந்தன.

இல்லாதது ஒன்று. பழைய பார்ட்னர்ஷிப்பின் பதிவேட்டு நகல், பார்ட்னர்கள் பெயரோடு. அதற்காக ஒரு அரசு அலுவலகத்துக்கு ஐந்து தடவை போனேன். முதல் தடவை பதிவேடு எடுக்கிறவர் லீவு. இரண்டாவது தடவை, "எதுக்கு சார் அமெரிக்காவுக்கு நம்ம நகலு?" என்று கேட்டுவிட்டு நாளைக்கு வரச் சொன்னார்கள். நாலாவது தடவை கையில் கொடுத்தார்கள். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால் எங்கள் பெயரில் 'எக்ஸ்போர்ட்ஸ்' என்பது 'எக்ஸ்போர்ட்' என்று இருக்கிறது. கடைசி 'ஸ்' இல்லை. திரும்பி நடந்தேன். "ஒரு எழுத்துதானே, அவங்களுக்குத் தெரியவா போகுது?" என்றார் அந்த கிளார்க். பெயர் ஒத்துப்போகாததால்தான் நான் அங்கே நிற்கிறேன் என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது! ஐந்தாவது தடவை அண்ணாச்சியே கூட வந்தார், திருத்திக் கொடுத்தார்கள். வாங்கிய இடத்திலேயே ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள், வெளியே வந்து படிக்காதீர்கள்.

அடுத்தது தமிழ். ஆங்கிலத்தில் இல்லாத எந்தக் காகிதத்துக்கும் மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும். ஆலை இருக்கும் இடத்தின் பத்திரம் தமிழில் இருந்தது. பண்ணை ஏஜென்டுகளின் கொள்முதல் நோட்டும் தமிழ்தான், அதிலும் பாதி சுருக்கெழுத்து. பத்திரத்தை வெளியே கொடுத்தோம். நோட்டை நானும் கொள்முதல் பார்க்கும் தம்பியும் நாலு ராத்திரி உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதினோம். வக்கீல் அதைப் படித்துவிட்டு ஒரு கேள்விகூடத் திருப்பிக் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

மனுவில் ரகசியத் தகவலை எல்லாம் சதுர அடைப்புக்குள் போட்டு ஒரு பிரதி, அதையே வெட்டிவிட்டுப் பொதுப் பிரதி ஒன்று. பொதுப் பிரதியை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். வக்கீல் அலுவலகம் தயாரித்த வரைவில் எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஒருவரின் பெயர் ஒரு அடிக்குறிப்பில் அடைப்பில்லாமல் நின்றது. நல்லவேளை, தாக்கலுக்கு முன்னால் கண்ணில் பட்டது. வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். உங்கள் வாடிக்கையாளரின் பெயர் உங்கள் கண்ணுக்குத்தான் சட்டென்று தெரியும்.

மனு போட்ட பிறகு துணைக் கேள்வி ஒன்று வந்தது. பெயர் மாற்றத்துக்குப் பின் ஐந்து பண்ணைகள் ஏன் சரக்கு கொடுப்பவர்கள் பட்டியலில் இல்லை? அந்தப் பருவத்தில் வெள்ளைப் புள்ளி நோய் வந்து ராமநாதபுரம் பக்கம் குளங்களில் இறாலை முன்கூட்டியே பிடித்துவிட்டார்கள். அதைப் பண்ணைக்காரர்களிடம் கையெழுத்தோடு எழுதி வாங்கிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு பிரச்சினை எதுவும் இல்லை. மனு போட்டுப் பத்தாவது மாதம், வாரிசு நிறுவனம் நாங்கள்தான் என்று ஃபெடரல் ரெஜிஸ்டரில் (அமெரிக்க அரசிதழில்) வந்தது. பழைய விகிதம் அன்றிலிருந்து எங்களுக்கு.

அன்றிலிருந்துதான், கவனியுங்கள். அதற்கு முன் 10.17 கட்டிய பதினொரு கன்டெய்னருக்கு இந்த முடிவால் ஒரு பைசா வராது. அதற்குப் பிப்ரவரி ரிவ்யூதான் வழி. அடுத்த வருஷப் பிப்ரவரியில் கடைசி நாள்வரை காத்திருக்கவில்லை, முதல் வாரமே பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் போட்டுக் கேட்டுவிட்டோம். கெடு அங்கே மாலை 5 மணி, நமக்கு அது விடிகாலை 3.30. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கிவிடக் கூடாது.

ரிவ்யூவில் பெரிய நிறுவனங்கள் இரண்டைத்தான் எடுத்துக் குடைந்தார்கள். எங்களுக்கு அவர்கள் விகிதத்தை ஒட்டிய சராசரி வந்தது. கணக்கு முடிக்கும் முன், ஆன்ட்டி டம்பிங் வரியை ஏற்றுமதியாளர் திருப்பித் தரவில்லை என்று இறக்குமதியாளர் ஒரு உறுதிமொழி கொடுக்க வேண்டும். அது கோப்பில் இல்லை என்றால் வரியை இரட்டிப்பாக்கிவிடுவார்கள். புரோக்கர் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். நகல் அனுப்புங்கள் என்று மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவைதான் கொடுக்கவே இல்லை என்று தெரிந்தது. அன்றே கையெழுத்துப் போட்டு அனுப்பினோம்.

இப்போது இதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 2023 அக்டோபரில் போட்ட புது மனுவால் எதிர்மானிய வரியும் (அரசு தரும் மானியத்தை ஈடுகட்டப் போடும் வரி) வந்துவிட்டது, 'மற்ற எல்லோருக்கும்' ஆணையில் வைத்தது 5.77 சதவீதம். அது தனி வழக்கு, தனி எண். பெயர் மாற்றுகிறவர்கள் இரண்டு வழக்குக்கும் சேர்த்தே வக்கீலிடம் கேளுங்கள், மாற்றுவதற்கு முன்னால்.

போன வாரம் கடைசி ரீஃபண்ட் வட்டியோடு வந்தது. கன்டெய்னர் பட்டியலில் பதினொரு வரியையும் டிக் அடித்து அண்ணாச்சியிடம் கொடுத்தேன். அவர் அதன் மேலே எழுதியிருந்த அந்த இரண்டு ஜனவரி கன்டெய்னர் எண்களைக் காட்டி, "இதை அழிக்காத தம்பி, இருக்கட்டும்" என்றார்.