பஸ்ஸுக்கு வழிவிட்டு, ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தேன்

ஹப்புத்தளையிலிருந்து தம்பேதன்னைக்கு ஏறும் பாதையில், மேலிருந்து பஸ் இறங்கி வர, முடக்குக்குக் கீழே பைக்கை நிறுத்தி, டென்ட்டும் படுக்கையும் பின்னால் கட்டியிருக்க, ஓர் அங்குலம்கூடப் பின்னால் உருளாமல் திரும்ப எடுத்துவிட்டேன்! 49 வயதில் கியர் பைக் பழகியவள் நான். அதனால் இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிக்கொள்கிறேன்.

லைசன்ஸுக்கு எட்டுப் போட்டதெல்லாம் சமதரையில். மலைநாட்டில் ஓட்ட அது போதாது. இங்கே உண்மையான பரீட்சை ஏற்றத்தில் நின்று புறப்படுவதுதான். எனக்குப் பழக்கிய பக்கத்து வீட்டுத் தம்பி முதல் நாளிலிருந்து ஒன்றையே சொல்வான்: "டீச்சர், கைபிரேக்கைப் பிடிக்காதீங்க, கால்பிரேக்கில நில்லுங்க." வலது கை முன்பிரேக்கில் இருந்தால் அதே கையால் எக்ஸிலேட்டரைத் திருக முடியாது, அவ்வளவுதான் விஷயம். வலது கால் பின்பிரேக்கில், இடது கால் தரையில், முதல் கியர். கிளச்சை மெதுவாக விட்டுக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் கனத்து, பைக்கின் பின்பக்கம் லேசாக அமுங்கும். அந்த இடத்தில் கிளச்சை அப்படியே பிடித்துக்கொண்டு, கொஞ்சம் எக்ஸிலேட்டர் கொடுத்து, அதன் பிறகுதான் காலை எடுக்க வேண்டும். காதால் கேட்டுப் பழக வேண்டிய வேலை இது. கிளச் கேபிள் மாற்றினால் அந்த இடமும் மாறிவிடும், மறுபடி தேட வேண்டும்.

இடது பக்கம் திரும்பும் முடக்கு தனிக் கதை. நாம் உள்வட்டத்தில் ஏறுகிறோம், ஏற்றம் அங்கேதான் அதிகம். போதாக்குறைக்கு ரோட்டும் உள்பக்கமாகச் சரிந்திருக்கும், ஐந்தடி உயரமுள்ள எனக்கு அங்கே இடது கால் தரையை எட்டாது. ஆகவே முடக்குக்குள் நிற்பதே இல்லை என்று வைத்துக்கொண்டேன். கீழேயே நின்று ஹோர்ன் அடித்து, பஸ்ஸோ கொழுந்து லொறியோ வந்தால் முழுதாகக் கடந்து போகவிட்டுத்தான் ஏறுவேன். பின்னால் வருகிறவர்கள் அவசரப்பட்டால் அவர்கள் முந்திப் போகட்டும்.

சாமான் கட்டுவதும் இதோடு சேர்ந்ததுதான். கனமெல்லாம் பின் கேரியரில் ஏறினால் ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடுகிறது. தண்ணீரையும் அடுப்பையும் பெற்றோல் டாங்கிக்கு மேலுள்ள பையினுள் மாற்றினேன், டென்ட்டும் படுக்கையும் மட்டும் பின்னால். கட்டுவதற்குப் பழைய டியூபை நீளமாக வெட்டிய பட்டிதான். கொக்கி வைத்து விற்கும் கலர் கயிறுகளைவிட இது நூறு மடங்கு மேல், டயர் கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள்.

டென்ட் போட்டது சித்தப்பா மகனின் மரக்கறித் தோட்டத்து மேட்டில், லீக்ஸ் பாத்திக்கு மேலே. அண்ணன் வீட்டுக்குள் படுக்கச் சொல்லிப் பார்த்தார், நான் மறுத்துவிட்டேன். தனியாக இருக்கத்தானே வந்தேன்? இந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு லேசில் வேகாது. காலையிலேயே போத்தலில் ஊறப்போட்டுக் கொண்டுபோனேன், நன்றாக வெந்தது. விடியற்காலையில்தான் அடுப்பு சண்டித்தனம் செய்தது. பியூட்டேன் மட்டும் உள்ள காஸ் டின் குளிரில் ஆவியாக மறுக்கும், எரிய எரிய டின்னும் இன்னும் குளிர்ந்துபோகும். டின்னைப் படுக்கைக்குள் வைத்துச் சூடாக்கி எடுத்த பிறகுதான் பிளேன்டீ கிடைத்தது. புரொப்பேன் கலந்த டின் வேண்டுமென்று கொழும்பில் ஒரு கடையில் சொல்லி வைத்தேன், அனுப்பியதோ பழைய சாதா டின். பண்டாரவளை, பதுளைப் பக்கம் எங்கேயாவது கிடைத்தால் சொல்லுங்கள், பஸ்ஸில் போயாவது வாங்கிக்கொள்கிறேன்.

லிப்டன் 1890இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலையைத் தாண்டி லிப்டன் சீட் என்ற காட்சிமுனை வரை ஏறுவது இன்னும் பாக்கி. ஆனால் மனசு இப்போதே மடூல்சீமைக்குப் போய்விட்டது. அங்கே சின்ன உலக முடிவு என்கிற செங்குத்து மலைச்சரிவின் விளிம்பில் காற்று பலமாக இருக்கும் என்கிறார்கள், இந்த டென்ட்டின் மெல்லிய ஆணிகள் தாங்காது. பட்டறையில் கம்பி வெட்டி, ஒரு முழ நீளத்தில் புது ஆணி அடித்து வாங்க வேண்டும். அதற்குள் பின் பிரேக் ஷூவையும் மாற்றிவிட வேண்டும், இறக்கத்தில் இரண்டாம் கியரிலேயே வந்தும் நிறையத் தேய்ந்திருக்கிறது.