குரூஸ் பயணத்துக்குள் ஓப்பன் வாட்டர் தேர்வு: சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

ஸ்கூபா டைவிங்கின் முதல் நிலைச் சான்றான ஓப்பன் வாட்டர் கார்டு போன வாரம்தான் வந்தது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறு மாதம் போனால் எல்லாமே சுலபமாக இருந்ததாகத் தோன்ற ஆரம்பித்துவிடும். பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி நிறுவனம் நடத்தும் இந்தக் கோர்ஸின் அமைப்பு உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஐந்து பாடப் பகுதி, ஐந்து நீச்சல் குளப் பயிற்சி, நான்கு கடல் டைவ். அதையெல்லாம் விளக்கப் போவதில்லை. இதைக் கப்பல் பயணத்துக்குள் எப்படி அடக்குவது என்பது மட்டும்தான் விஷயம்.

முதலில் கணக்கு. பயிற்சி டைவ் ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் கூடாது. அப்படியானால் நான்கு டைவுக்குக் குறைந்தது இரண்டு நாள். கப்பல் ஒரு துறைமுகத்தில் பெரும்பாலும் ஒரு பகல்தான் நிற்கும். ஆக, டைவ் செய்ய ஆளும் படகும் இருக்கிற துறைமுகம் இரண்டு வேண்டும். "கப்பல்ல போறப்ப ஸ்கூபா கோர்ஸும் முடிச்சிடலாம் சார்" என்று பேக்கேஜ் விற்கிற ஏஜென்ட் யாரும் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. அவர்கள் சொல்கிற ஸ்கூபா, பயிற்சியாளர் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டிப்போகும் ஒரு அறிமுக டைவ். போட்டோ கிடைக்கும், கார்டு கிடைக்காது.

நம் ஊர்க்காரர்கள் போகிற வழித்தடங்களைப் பாருங்கள். சிங்கப்பூர் போய்க் கப்பல் ஏறினால் பினாங்கு, புக்கெட். பினாங்கில் டைவுக்கு ஒன்றும் இல்லை. புக்கெட் ஒன்றுதான் தேறும். லங்காவியும் சேர்ந்தால் புலாவ் பாயார் தீவு இருக்கிறது. ஆனால் அது லங்காவியிலிருந்து 30 கிலோமீட்டர் தெற்கே. படகிலேயே பாதி நேரம் போய்விடும். சென்னைத் துறைமுகத்திலிருந்தே இலங்கை போகிற கப்பல் 2023-இல் ஆரம்பித்தது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று அதன் பாதை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் திருகோணமலைக் கடல் டைவுக்கு லாயக்கான காலம் மே முதல் செப்டம்பர் வரை. தெற்குக் கரைக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை. ஒன்று தெளிந்திருக்கும்போது மற்றது கலங்கியிருக்கும். எந்த மாதம் போனாலும் ஒரு துறைமுகம்தான் மிச்சம்.

(அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்கப் போய், அங்கிருந்து கரீபியன் குரூஸ் போகிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. மேற்குக் கரீபியன் பாதையில் கோசுமெல், கிராண்ட் கேமன், ரோவாட்டன் என்று டைவ் துறைமுகங்கள் வரிசையாக வரும்.)

மற்றவர்களுக்கு ஒரே வழிதான். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: முதல் இரண்டு கடல் டைவைப் புதுச்சேரியில் முடித்துவிடுங்கள். கடைசி இரண்டை மட்டும் கப்பல் நிற்கும் துறைமுகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாடமும் தேர்வும் வீட்டில் ஆன்லைனில், குளப் பயிற்சி சென்னையில், பிறகு ஒரு வார இறுதியில் ஈ.சி.ஆர். பிடித்துப் போய் இரண்டு டைவ். அப்புறம் கப்பலில் ஒரே ஒரு டைவ் துறைமுகம் இருந்தால் போதும். முதல் இரண்டு டைவுக்கு ஆழ வரம்பு 12 மீட்டர், அடுத்த இரண்டுக்கு 18 மீட்டர். நல்ல தெளிவான கடலை அந்த 18 மீட்டருக்கு வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். வங்கக் கடலில் பல நாள் எதிரில் இருப்பவர் மங்கலாகத்தான் தெரிவார். அங்கே பழகியவருக்கு புக்கெட்டில் பதற்றமே வராது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் இந்தத் திட்டம் போடாதீர்கள். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை படகு கிளம்புமா என்பதையே முதல் நாள் இரவுதான் சொல்வார்கள்.

இப்படிப் பிரித்துச் செய்வதற்குப் பெயர் ரெஃபரல். ஆரம்பத்திலேயே சென்னைப் பயிற்சியாளரிடம் சொல்லிவிடுங்கள்: "சார், கடைசி ரெண்டு டைவ் வெளியில முடிச்சுக்கிறேன், ரெஃபரல் போட்டுக் கொடுங்க." கடைசி நாளில் கேட்டால் ரெஃபரல் படிவத்தைத் தேடி எடுத்து அவசரத்தில் நிரப்பித் தருவார்கள். அப்போதுதான் ஓட்டை விழும். படிவத்தில் பார்க்க வேண்டியவை:

- ஐந்து குளப் பயிற்சிக்கும் தனித்தனித் தேதி, பயிற்சியாளர் எண், கையெழுத்து. மொத்தமாக ஒரு கோடு போட்டு இழுத்துவிட்டால் அங்கே ஏற்க மாட்டார்கள்.
- 200 மீட்டர் நீச்சல், 10 நிமிட மிதப்பு இரண்டும் டிக் ஆகியிருக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் துறைமுகத்தில் படகுப் பக்கத்திலேயே நீந்தச் சொல்வார்கள். நேரமும் போச்சு, தெம்பும் போச்சு.
- எழுத்துத் தேர்வு முடிந்ததற்கான பதிவு.
- புதுச்சேரியில் செய்த டைவ் 1, 2 அதே படிவத்தில் ஏற வேண்டும். உங்கள் டைவ் குறிப்பேடான லாக் புக்கில் மட்டும் எழுதினால் போதாது.
- மருத்துவப் படிவத்தின் நகல். ஒரு கேள்விக்கு 'ஆம்' என்றாலும் கூடுதல் கேள்விகள் திறக்கும், டாக்டர் கையெழுத்து தேவைப்படலாம். ஆஸ்துமா, சைனஸ் அறுவை, பிரஷர் மாத்திரை உள்ளவர்கள் கையெழுத்தைச் சென்னையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் டாக்டரைத் தேடி அலைய முடியாது.

படிவம் கடைசியாகப் பயிற்சி முடித்த தேதியிலிருந்து 12 மாதம் செல்லும். செல்லும் என்பதற்காக இழுக்காதீர்கள். இரண்டு மூன்று மாத இடைவெளியிலேயே கை மறந்துவிடும். போகிற இடத்தில் இருக்கும் மையமும் அதே அமைப்பைச் சேர்ந்ததா என்று முன்கூட்டியே கேளுங்கள். பாடி ரெஃபரலை எஸ்எஸ்ஐ (SSI) என்ற இன்னொரு பயிற்சி அமைப்பின் மையம் ஏற்பது அந்தப் பயிற்சியாளரின் மனதைப் பொறுத்தது. பரீட்சை விஷயத்தில் மனதை நம்ப வேண்டாம்.

அடுத்தது கடிகாரம். கப்பல் 8 மணிக்கு வந்தது என்றால் நீங்கள் 8 மணிக்கு இறங்கிவிட முடியாது. குடிநுழைவு அனுமதி வர அரை மணி, முக்கால் மணி ஆகும். புக்கெட்டில் படோங் பக்கம் நங்கூரம் போட்டால் சிறு படகு ஏறித்தான் கரைக்குப் போக வேண்டும், அதற்கு ஒரு வரிசை. பிறகு சலோங் படகுத்துறைக்குக் காரில் அரை மணி, முக்கால் மணி. ராச்சா யாய் தீவுக்குப் படகில் போக வர நேரம். டைவ் ஒவ்வொன்றும் 40, 45 நிமிடம், நடுவில் ஒரு மணி நேர ஓய்வு. திரும்பி வந்து, கப்பல் கிளம்புவதற்கு ஒரு மணி முன்னாடி ஏறிவிட வேண்டும். எல்லாம் கூட்டிப் பாருங்கள். படகில் போய்ச் செய்கிற இரண்டு டைவுக்குக் கப்பல் குறைந்தது 10 மணி நேரமாவது நிற்க வேண்டும். 8 மணி நேரம் என்றால், கரையிலிருந்தே இறங்கும் இடமாகவோ துறைமுகத்துக்கு ஒட்டிய இடமாகவோ இருந்தால் மட்டும் போங்கள்.

காலை 8 மணிக்கே கிளம்பிவிடும் பொதுப் படகில் சீட்டுப் போட்டால் உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். தனிப்படகோ தாமதமாகக் கிளம்பும் படகோ உண்டா என்று கேட்டு, கப்பல் பெயரையும் வருகை நேரத்தையும் வாட்ஸாப்பில் எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.

அப்புறம் கப்பல் நேரம். சிங்கப்பூரைவிட புக்கெட் ஒரு மணி நேரம் பின்னால். கப்பலில் கடிகாரத்தை மாற்றினார்களா இல்லையா என்பது முந்தின இரவு கேபினுக்கு வரும் தினசரி அறிவிப்பில் இருக்கும். கைப்பேசி தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும், கப்பல் மாறாமல் இருக்கலாம். உள்ளூர் நேரம் 4 என்று நீங்கள் நிதானமாக வருவீர்கள், கப்பலில் மணி 5. சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றில் கப்பல் நேரத்தை வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். கோசுமெல்லுக்கும் இதே சிக்கல் உண்டு: கோடையில் ஃப்ளோரிடாவைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும். திருகோணமலையில் இந்த வம்பு இல்லை, இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம்.

கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போனவர்கள் தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். நாமே ஏற்பாடு செய்து போனால் காத்திருக்காது, அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில் போக வேண்டும். ஆனால் கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாவில் ரெஃபரல் முடித்துத் தருவது அபூர்வம். இந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டுதான் போக வேண்டும். பாஸ்போர்ட் கப்பலில் இருந்தால் அதன் நகல் கையில் இருக்கட்டும். சிங்கப்பூர் விசா திரும்ப நுழைய அனுமதிக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீருக்குள் நடக்கும் பரீட்சையில் ஒன்றே ஒன்றைப் பற்றி நிறைய எழுதுகிறேன்: மாஸ்க். கப்பல் காத்திருக்கும்போது "இன்னொரு தடவை பண்ணிப் பார்க்கலாம்" என்று சொல்லப் பயிற்சியாளருக்கு நேரம் இருக்காது. ஒரு திறன் நின்றுபோனால் அன்றைக்குக் கார்டு நின்றுபோகும். அப்படி நிற்பது பெரும்பாலும் மாஸ்க்கில்தான். ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு), பி.சி.டி. (காற்று நிரப்பும் மிதவை ஜாக்கெட்), கூட டைவ் செய்கிற துணையிடம் காற்று வாங்குவது எல்லாம் கைப்பழக்கம். மாஸ்க்கைக் கழற்றி மாட்டுவது மட்டும் உடம்பின் அனிச்சையோடு மோதுகிற வேலை. மூக்கில் தண்ணீர் பட்டதும் மூக்கு தானாக இழுக்கும். இழுத்தால் புரையேறும், புரையேறினால் மேலே ஓடத் தோன்றும்.

இதற்கு வீட்டுப் பயிற்சி போதும். குளியலறையில் ஒரு அகலமான வாளித் தண்ணீர், ஒரு ஸ்நார்கல், பக்கத்தில் ஒரு ஆள். மாஸ்க் இல்லாமல் முகத்தை முக்கி, வாயால் மட்டும் மூச்சு விடுங்கள். முதலில் அரை நிமிடம், ஒரு வாரத்தில் ஐந்து நிமிடம். வாயால் இழுத்து மூக்கால் விடுவது அடுத்த படி. இது சலிக்கிற அளவுக்குப் பழகிய பிறகு குளத்துக்குப் போங்கள். அங்கே மாஸ்க்கை மாட்டியதும் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, முகத்தை லேசாகத் தூக்கி, மூக்கால் நீளமாக ஒரே ஊது. குட்டி குட்டியாக ஊதினால் தண்ணீர் வெளியேறாது. கீழே குனிந்துகொண்டு ஊதினாலும் வெளியேறாது.

சொந்த மாஸ்க் வாங்கிவிடுங்கள். மற்றதெல்லாம் வாடகை போதும். புதுக் கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளைப் பற்பசை போட்டு விரலால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், நாலைந்து தடவை. தொழிற்சாலைப் படலம் போகாவிட்டால் பனி படர்ந்துகொண்டே இருக்கும். மீசைக்காரர்கள் மூக்குக்குக் கீழே ஒரு மெல்லிய கோடு மழித்துவிட்டால் கசிவு பாதி குறையும். முடி ஒரு இழை உள்ளே மாட்டினாலும் கசியும். டைவ் அன்று தலைக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம்; பட்டையும் வழுக்கும், கண்ணாடியும் மங்கும்.

அடுத்து எடை. குளத்தில் போட்ட ஈயத்தின் அளவைக் கடலுக்கு அப்படியே கொண்டு போகாதீர்கள். உப்புத் தண்ணீரில் 2 முதல் 3 கிலோ கூடுதலாகத் தேவைப்படும். அலுமினியச் சிலிண்டர் காலியாகக் காலியாக மேலே தூக்கும். சிலிண்டரில் 50 பார் காற்று மிஞ்சும்போது 5 மீட்டர் ஆழத்தில் நிற்க முடியாமல் மேலே போய்விட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான். செசாவில் (காற்று தீர்ந்தால் மூச்சை விட்டபடியே மேலேறும் பயிற்சி) 9 மீட்டர் தூரமும் 'ஆ' சத்தம் நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

எழுத்துத் தேர்வு 50 கேள்வி, 75 சதவீதம் வேண்டும். அதாவது 38 சரி. ஆன்லைன் பாடத்தை ஒழுங்காகப் பார்த்தவர் தேறிவிடுவார். திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியவை:

- 10 மீட்டரில் அழுத்தம் 2 பார், 20-இல் 3, 30-இல் 4. பலூன் கன அளவு அதன் தலைகீழ், அடர்த்தி அதே மடங்கு.
- மேலே 60 நிமிடம் வரும் காற்று 20 மீட்டரில் 20 நிமிடம்.
- துணை தொலைந்தால் ஒரு நிமிடம் தேடு, பிறகு மேலே.
- மேலேறும் வேகம் நிமிடத்துக்கு 18 மீட்டருக்கு மேல் கூடாது. கையில் கட்டும் டைவ் கணினி இன்னும் மெதுவாகச் சொன்னால் கணினி சொல்வதே சட்டம்.
- மூச்சை அடக்கலாமா என்கிற மாதிரி எந்தக் கேள்வி வந்தாலும் பதில்: கூடாது.

விமானக் கேள்வி தாளிலும் வரும், வாழ்க்கையிலும் வரும். ஒரே டைவ் என்றால் 12 மணி நேரம், ஒன்றுக்கு மேற்பட்டால் 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம். ஞாயிறு மதியம் புதுச்சேரியில் இரண்டாவது டைவ் முடித்துவிட்டு அன்றிரவே மீனம்பாக்கத்தில் சிங்கப்பூர் விமானம் ஏறினால் தப்பு. திங்கள் இரவு ஏறலாம். புக்கெட்டுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் ஒரு முழுக் கடல்நாள் இருக்கிற பயணமாகப் பாருங்கள். கப்பலின் 14-ஆவது மாடி கேபின் உயரக் கணக்கில் வராது, பயப்பட வேண்டாம். 300 மீட்டருக்கு மேல்தான் கவலை. ஆனால் லங்காவி கேபிள் கார் சுமார் 700 மீட்டர் ஏறும். டைவ் செய்த அன்று அது வேண்டாம். மேல்தளத்து வெந்நீர்த் தொட்டியும் அன்று வேண்டாம்.

குமட்டல் மாத்திரை பழக்கமில்லாதவர்கள் டாக்டரைக் கேட்டு, சென்னையிலேயே ஒரு நாள் போட்டுப் பாருங்கள். தூக்கம் வரவழைக்கிற மாத்திரையோடு தண்ணீரில் இறங்கக் கூடாது. மூக்கடைப்புக்கு மாத்திரை போட்டு இறங்கினால் கீழே இருக்கும்போது அதன் வேகம் குறையும்; ஏறும்போது காது அடைத்துக்கொள்ளும். சளி இருந்தால் அன்று டைவ் இல்லை. கேபின் ஏ.சி.யைக் குறைத்து வையுங்கள். முந்தின இரவு மது வேண்டாம், பேக்கேஜில் இலவசமாக இருந்தாலும். டைவ் கத்தியைக் கொண்டு போகாதீர்கள், ஏறும்போதே வாங்கி வைத்துவிடுவார்கள். பயணக் காப்பீட்டில் ஸ்கூபா சேர்ந்திருக்கிறதா, எத்தனை மீட்டர் வரை என்பதைப் பாலிசியில் வாசியுங்கள்.

கடைசியாகப் பெயர். நமக்கு இனிஷியல் இருப்பதால் ரெஃபரலில் ஒரு மாதிரி, ஆன்லைன் கணக்கில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து இன்னொரு மாதிரி இருக்கும். மூன்றும் பொருந்தாவிட்டால் வெளிநாட்டு மையத்தில் உங்கள் பாடப் பதிவைத் தேடியே பிடிக்க முடியாது. முதல் நாளே பாஸ்போர்ட்டில் உள்ளபடி கணக்கைத் திறங்கள். கடைசி டைவ் முடிந்து படகு திரும்பும்போதே பயிற்சியாளரிடம் போட்டோவையும் மின்னஞ்சல் முகவரியையும் கொடுத்து, கரையில் சிக்னல் இருக்கும்போதே கார்டுக்குப் பதிவு போடச் சொல்லுங்கள்.