ஆண்டுகள் மட்டும் தப்பின

மே 4, 2025, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் இன்றுதான் தொடங்குகிறதாம். வேலூர்க்காரனிடம் இதைச் சொன்னால் சிரிப்பான். காலையிலேயே குடியாத்தம் போய், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவரிடம் மூன்று வலைத்தளங்களை விலை பேசி முடித்துவிட்டுத் திரும்பினேன். ஒன்று வடஆர்க்காட்டு வரலாறு, 2006 முதல் எழுதிவருவது, 412 கட்டுரைகள். இன்னொன்று அவருடைய மனைவி எழுதிய சமையல் குறிப்புகள். மூன்றாவது கோயில் திருவிழாக்களின் பட்டியல், இனாமாக வந்தது.

தளங்களை இணையத்தில் வைத்திருக்க இடம் தரும் ஹோஸ்டிங் கணக்கு இந்த மே 31 வரைதான். புதுப்பிக்கும் கட்டணம் முதல் ஆண்டைப்போல் மூன்று மடங்கு கேட்கிறார்கள். "அதனால்தான் தம்பி கொடுக்கிறேன், இல்லாவிட்டால் கொடுப்பேனா" என்றார் சார். மோர் கொடுத்தார். கடவுச்சொற்களை நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தார்.

மே 5, திங்கள்

முதல் நாளே அவசரப்பட்டேன். டொமைனை, அதாவது தளத்தின் இணையப் பெயரை, என் பெயருக்கு மாற்றிவிட்டு, பிறகு நான் வழக்கமாக வைத்திருக்கும் பதிவு நிறுவனத்துக்குக் கொண்டுபோகலாம் என்று நினைத்தேன். உரிமையாளர் பெயரை மாற்றியவுடன் பூட்டு விழுந்துவிட்டது. இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பின் விதிப்படி டாட் காம் டொமைனில் உரிமையாளர் மாறினால், 60 நாள் வரை வேறு பதிவு நிறுவனத்துக்கு நகர்த்த முடியாது. பெயர் மாற்றும்போதே "பூட்டு வேண்டாம்" என்று சொல்ல ஒரு கட்டம் இருந்ததாம். பார்க்கவில்லை. ஆகவே ஜூலை 4 வரை அது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

நல்லவேளை, பதிவு வேறு, ஹோஸ்டிங் வேறு. பத்திரம் ஒரு பீரோவில் பூட்டிக் கிடந்தாலும் வீட்டுச் சாமானை வண்டியில் ஏற்றலாம். தளம் எந்த சர்வரில் இருக்கிறது என்று சொல்லும் முகவரிப் பதிவுகளை மற்ற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை 14400 வினாடியிலிருந்து 300-ஆகக் குறைத்து வைத்தேன். மாற்றும் நாளில் நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டாம் என்ற கணக்கு.

மே 7, புதன்

சமையல் தளத்தையும் திருவிழாப் பட்டியலையும் பத்து நிமிடத்தில் நகர்த்திவிட்டேன். டேட்டாபேஸ் கிடையாது, வெறும் பக்கங்கள். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயைப் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள எப்படிச் செய்வது என்று அந்த அம்மாள் எழுதியிருக்கிறார். முள் குத்தாமல் காம்பை எப்படிப் பிடிப்பது என்பதற்கே ஒரு பத்தி. 2023-இல் அந்தக் காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அவர் உயிரோடு இல்லை.

வரலாற்றுத் தளத்தின் படங்கள் 2 ஜிபிக்கு மேல். வீட்டுக்கு இறக்கித் திரும்ப ஏற்றுவது மடத்தனம். மதியம் மூன்று மணிக்கு மின்சாரம் போனால் எல்லாம் போச்சு. பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு நேராக அனுப்பிவிட்டுத் தூங்கினேன்.

மே 8, வியாழன்

டேட்டாபேஸையும் ஏற்றியாயிற்று. ஊருக்குத் திறப்பதற்கு முன் நான் மட்டும் பார்க்கலாம் என்று, இணையப் பெயருக்கு எந்த எண் என்று சொல்லும் என் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் புதிய சர்வரின் எண்ணை எழுதித் தளத்தைத் திறந்தேன்.

ஒரு தமிழ் எழுத்து இல்லை. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ', அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', பிறகு ஏதோ ஒரு குப்பை. மறுபடி சாய்கோட்டு 'ஏ', வட்ட 'ஆர்'. பக்கம் பக்கமாக இதே. 412 கட்டுரைகளும் இப்படியே.

எண்கள் மட்டும் அப்படியே நின்றன. குப்பைக்கு நடுவே 1806 என்று தெரிந்தால் அது வேலூர்க் கோட்டைச் சிப்பாய்ப் புரட்சி. 1856 என்றால் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். 1989 என்றால் வடஆர்க்காடு இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலை தனியாகப் போனது. 2019 என்றால் வேலூர் மூன்றாக உடைந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிறந்தது. ஆண்டுகளை வைத்தே கட்டுரைகளை அடையாளம் கண்டுகொண்டு உட்கார்ந்திருந்தேன். சாருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

மே 9, வெள்ளி

காட்பாடியில் படிக்கும் அக்கா மகன் வந்தான். அரை நிமிடம் பார்த்துவிட்டு, "மாமா, எழுத்து எதுவும் அழியவில்லை. இரண்டு முறை மாற்றிவிட்டீர்கள்" என்றான். கொஞ்சம் கர்வமாகத்தான் சொன்னான். சொல்லட்டும்.

விஷயம் இதுதான். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டு. முதல் பைட்டு எப்போதும் ஒன்றே, இரண்டாவதும் பெரும்பாலும் ஒன்றே. அவற்றை, பைட்டுக்கு ஓர் ஐரோப்பிய எழுத்து என்று கொள்ளும் பழைய லத்தீன்-1 முறை என்று நினைத்துப் படித்தால் வருவதுதான் அந்தச் சாய்கோட்டு 'ஏ'யும் வட்ட 'ஆர்'உம். எண்களுக்கு ஒரே பைட்டு, இரண்டு முறையிலும் அதே மதிப்பு, அதனால் தப்பித்தன. சாரின் பழைய டேட்டாபேஸ் தன்னை லத்தீன்-1 என்று சொல்லிக்கொண்டு, உள்ளே தமிழை மூட்டையாகக் கட்டி வைத்திருந்திருக்கிறது. அந்த டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லில் 2018-இல் 8.0 பதிப்பு வரும்வரை இயல்பான எழுத்துமுறை அதுதான். அதை உருவாக்கியது ஸ்வீடன் நிறுவனம் என்பதால் அகரவரிசையும் ஸ்வீடன் வரிசை. ஆர்க்காட்டு நவாபும் ஆம்பூர்க் கோட்டையும் பத்தொன்பது ஆண்டுகள் ஸ்வீடன் வரிசையில் நின்றிருக்கிறார்கள்!

நான் எடுத்த நகலில், அந்த மூட்டையை நிஜமான லத்தீன் எழுத்து என்று நம்பி மறுபடி யுடிஎஃப்-8 ஆக்கியிருக்கிறது. மருந்து எளியது. லத்தீன்-1 என்றே சொல்லி, எந்த மாற்றமும் செய்யாமல் நகலெடுக்க வேண்டும். பிறகு கோப்புக்குள் லத்தீன்-1 என்று அறிவித்திருக்கும் இடங்களை யுடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்க்யூஎல்லில் முழு யுடிஎஃப்-8-இன் பெயர்) என்று திருத்தி ஏற்ற வேண்டும். இரவு பதினொன்றரைக்கு 'வாலாஜா' என்ற சொல் முழுசாக எழுந்து வந்தது. மருமகனுக்கு மக்கன் பேடா வாங்கிக் கொடுப்பதாக வாக்கு.

மே 10, சனி

இரவு நேம்சர்வரை, அதாவது டொமைனின் பதிவுகளை வைத்திருக்கும் சர்வரை, மாற்றினேன். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழும் எடுத்தாயிற்று: இலவசச் சான்றிதழ், 90 நாள் செல்லும், அதற்குள் தானே புதுப்பித்துக்கொள்ளும். தளம் ஓடுகிறது. நிம்மதி.

மே 13, செவ்வாய்

சார் போன் செய்தார். குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "தம்பி, சனிக்கிழமைக்குப் பிறகு மூன்றே மூன்று மின்னஞ்சல்தான் வந்தன. நேற்றிலிருந்து அதுவும் இல்லை. மலேசியாவில் ஒருவர் தன் பாட்டன் ஊரைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். இப்போது அவர் போன் செய்து, கடிதம் திரும்பி வருகிறது என்கிறார்."

அவருடைய சொந்த முகவரியும் அந்த டொமைனில்தான் இருந்திருக்கிறது. நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. நான்தான் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

நேம்சர்வரை மாற்றினால் தளத்தின் முகவரி மட்டும் மாறாது. மின்னஞ்சல் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் அஞ்சல் பதிவு உட்பட எல்லாமே புதிய இடத்திலிருந்து படிக்கப்படும். புதிய சர்வரில் அவருக்குப் பெட்டியே இல்லை, ஆகவே 'அப்படி ஒருவர் இங்கே இல்லை' என்று அது கடிதங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. சர்வர் செத்துக் கிடந்திருந்தால்கூட அனுப்பியவர் பக்கம் சில நாள் திரும்பத் திரும்ப முயன்றிருக்கும். மரியாதையாகப் பதில் சொன்னதுதான் வினை. பழைய நேம்சர்வரிலேயே தளத்தின் முகவரியை மட்டும் மாற்றியிருந்தால் அஞ்சலைத் தொட்டிருக்கவே மாட்டேன். 300 வினாடிக் கணக்கும் அப்போதுதான் உதவியிருக்கும். டாட் காம் நேம்சர்வர் விவரம் இரண்டு நாள் வரை ஆங்காங்கே நினைவில் நிற்கும்; அந்த மூன்று கடிதம் வந்து சேர்ந்தது அப்படித்தான்.

அஞ்சல் பதிவைப் பழைய சர்வருக்கே திருப்பினேன். மலேசியாக்காரருக்கு நானே மன்னிப்புக் கடிதம் எழுதினேன்.

மே 29, வியாழன்

சாரின் பெட்டியில் இருந்த ஒன்பது ஆண்டுக் கடிதங்களைப் புதிய சர்வருக்கு நகலெடுத்து, எண்ணிக்கை சரிபார்த்து, பிறகு அஞ்சல் பதிவை மாற்றினேன். ஒரு கடிதமும் திரும்பவில்லை. பழைய கணக்கு இன்னும் இரண்டு நாளில் தானே முடியும்.

மாலையில் சார் அழைத்தார். தளத்தை முழுதும் படித்துப் பார்த்தாராம். "வாலாஜா ரயில் கட்டுரையில் ஓரிடத்தில் 'ரயிவே' என்று இருக்கிறது, தம்பி."

எனக்கு மறுபடி வயிற்றைக் கலக்கியது. பழைய நகலைத் திறந்து பார்த்தேன். அதிலும் 'ரயிவே'தான்.

"அது என் பிழைதான். ரொம்ப நாளாகத் தெரியும்" என்றார். "இப்போது திருத்தலாம் என்றால் கடவுச்சொல்லை உங்களிடம் கொடுத்துவிட்டேனே."

அவர் பெயரில் ஒரு ஆசிரியர் கணக்கு திறந்து கொடுத்தேன். இரவு ஒன்பது மணிக்குள் பதினான்கு திருத்தம் செய்திருக்கிறார்.